எக்ஸ்ரே படம்: ஓர் இரங்கல்

பெரிய பழுப்பு உறைக்குள் அடங்கி, பேருந்தில் மடியிலும் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்தவரின் கையிலும் பயணம் செய்து, பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை நம் வீடுகளின் அலமாரி மேலும் மெத்தைக்கு அடியிலும் வாழ்ந்திருந்த எக்ஸ்ரே படம் மறைந்துவிட்டது. அது போன நாளை நம்மில் யாரும் குறித்துவைக்கவில்லை.

அதன் குலம் பழையது. 1895 டிசம்பர் 22 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரோண்ட்கன் தம் மனைவியின் கையை மோதிரத்தோடு கண்ணாடித் தகட்டில் பதித்தார். தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோராமல் உலகுக்கே விட்டுக்கொடுத்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே எக்ஸ்ரே கடல் கடந்து தைப்பிங் மருத்துவமனை வரை வந்து சேர்ந்தது. கண்ணாடி போய், மெல்லிய பிளாஸ்டிக் தாளின் இருபுறமும் வெள்ளி உப்புப் பூசிய படம் வந்தது. எலும்பின் சுண்ணாம்புச் சத்து கதிரைத் தடுத்த இடம் வெளுத்து நிற்க, தசையைக் கடந்து கதிர் பாய்ந்த இடம் கறுக்க, இருட்டறையின் சிவப்பு விளக்கடியில் மருந்துத் தொட்டிகளில் முங்கியெழுந்து, ஈரம் காய்ந்த பிறகே அது மருத்துவர் கைக்குப் போகும்.

செம்பனைக் குலை தோளில் விழுந்தவர், கள்ளிறக்க ஏறித் தவறியவர், ரயில்வேப் பட்டறையில் விரல் நசுங்கியவர், துறைமுகத்தில் மூட்டை சரிந்து கால் முறிந்தவர் என உடலை நம்பிப் பிழைத்த நம்மவர்களுக்கு அது செய்த ஊழியம் சொல்லி மாளாது. அது வருமுன் முறிவைக் கைதடவித்தான் அறிய வேண்டும். அது வந்த பின், நேரே ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக, முறிந்த எலும்பின் மேல்மூட்டும் கீழ்மூட்டும் தெரியும்படி எடுத்த இரண்டு படங்கள், ஒரு கோணத்தில் ஒளிந்த விரிசலை மறு கோணத்தில் காட்டிக்கொடுத்தன. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டியின் தொடையெலும்புக் கழுத்து விலகாமல் முறிந்திருக்கிறதா, விலகி எலும்புத் தலைக்குப் போகும் இரத்த ஓட்டம் கெட்டிருக்குமா, திருகாணி போதுமா, செயற்கை மூட்டு வேண்டுமா என்ற முடிவுகளெல்லாம் ஒளிப்பெட்டியில் அதை மாட்டிப் பார்த்தே எடுக்கப்பட்டன. வளைந்த முதுகின் கோணத்தை மருத்துவர் பென்சிலால் அதன் மேலேயே கோடிழுத்து அளந்தார். நிற்கவைத்து எடுத்த முழங்காலில் குருத்தெலும்பு தெரியாது. ஆனால் இரண்டு எலும்புக்கும் இடையே இருந்த வெளி குறுகியிருப்பதே தேய்மானத்தைச் சொல்லிவிடும். மணிக்கட்டின் சிறு எலும்பில் விழுந்த கீறல் முதல் நாளில் அதற்குப் புலப்படாமல் போவதுண்டு. பத்து நாள் கழித்துத் திரும்ப எடுத்தால் சொல்லும்.

நோய் பற்றிய பிற ஏடுகள் மருத்துவமனையில் தங்கிவிட, தனியார் கிளினிக்கில் எடுத்த படம் பெரும்பாலும் நம்மோடு வீட்டுக்கு வந்தது. சன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்து, எங்கே முறிந்தது என்று குடும்பமே கூடிப் பார்த்தது. எலும்பு டாக்டரிடம் மாவுக்கட்டுப் போட்ட கையோடு, சீன வைத்தியரான சின்சேயிடமும் எண்ணெய் போட்டு நீவுபவரிடமும் அதே உறையைக் கொண்டுபோனவர்கள் உண்டு. 1971-இல் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ வந்த பிறகு, வேலையில் அடிபட்ட தொழிலாளி மருத்துவக் குழுவின் முன் நின்றபோது, அவருக்காக மறுக்க முடியாத சாட்சி சொன்னதும் அதுதான்.

முடிவு மெல்ல வந்தது. 1999-இல் திறந்த செலாயாங் மருத்துவமனை, தாளும் படமும் இல்லாமல் கணினியிலேயே இயங்கத் தொடங்கியது; பிற மருத்துவமனைகளும் ஒவ்வொன்றாக அவ்வழி திரும்பின; இருட்டறைகளின் தொட்டிகள் வற்றின; பழைய படங்கள் வெள்ளிக்காகக் கிலோக் கணக்கில் எடைபோடப்பட்டன. வாரிசான கணினிப் படம் குறைந்தவரல்லர். நொடியில் திரையில் தெரிகிறார், பெரிதாக்கினால் பெரிதாகிறார், நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை, பூஞ்சை பிடிப்பதில்லை, தொலைவதும் அரிது. ஆனாலும் நம் எலும்பை நாமே கையில் ஏந்திப் பார்த்த உரிமை முன்னவரோடு போயிற்று. இன்று மருத்துவர் திரையை நம் பக்கம் திருப்பினால்தான் அது நமக்குத் தெரிகிறது.

உங்கள் வீட்டு அலமாரி மேல் இன்னும் ஓர் உறை இருந்தால், பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உறையின் மேல் பெயரும் ஆண்டும் மங்கியிருந்தால் திரும்ப எழுதிவையுங்கள். அந்த முழங்காலோ இடுப்போ மறுபடி வலிக்கும் நாளில் அதை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அந்த மூட்டு அன்று எப்படி இருந்தது என்பதை இனி எடுக்கும் எந்தப் படமும் சொல்லாது. அதைச் சொல்ல அந்தப் பழைய படம் ஒன்றால்தான் முடியும்.