ரியோவின் கருஞ்சட்டைகள்

கருஞ்சட்டை என்றதும் இந்த அரங்கில் பலருக்கும் ஈரோடு நினைவுக்கு வரும். நான் பேச வந்திருப்பது அதற்கும் இருபது ஆண்டுகள் முந்தைய வேறொரு கருஞ்சட்டையைப் பற்றி. பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் 1923இல் ஒரு கால்பந்து அணி அணிந்த சட்டை அது.

அணியின் பெயர் வாஸ்கோ ட காமா. ஆம், 1498இல் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்த அதே ஆள்தான். அந்தப் பயணத்தின் நானூறாம் ஆண்டில், 1898 ஆகஸ்டில், போர்த்துக்கீசியக் குடியேறிகள் படகோட்டும் கழகமாகத் தொடங்கினார்கள். கறுப்பு நிறம் அறியப்படாத கீழைக் கடலாம். குறுக்கே போகும் வெள்ளைப் பட்டை காமா கண்ட வழியாம். (யாருக்கு அறியப்படாத கடல் என்று நாம் கேட்கலாம்.) கறுப்பின மக்களை மனதில் வைத்து யாரும் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888இல்தான். கால்பந்து அங்கே பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டமாக வளர்ந்தது. 1914இல் ஃப்ளுமினென்ஸ் அணிக்கு ஆடிய கலப்பினத்தவரான கார்லோஸ் அல்பெர்ட்டோ, முகத்தில் அரிசி மாவுப் பவுடர் பூசிக்கொண்டு களமிறங்கினார் என்று மரியோ ஃபில்யோ எழுதியிருக்கிறார். வியர்வையில் பவுடர் கரைய, எதிரணி ரசிகர்கள் கூவினார்களாம். அங்கே சட்டையின் நிறத்தைவிடத் தோலின் நிறம்தான் பெரிய சிக்கல்.

வாஸ்கோ 1923இல் முதல் பிரிவுக்கு ஏறிய அதே ஆண்டில் பட்டத்தை வென்றது. கோல்காத்த நெல்சன் ட கொன்செய்சாவ் கறுப்பினத்தவர், கார் ஓட்டிப் பிழைத்தவர். கறுப்பர்களும் கலப்பினத்தவரும் ஏழை வெள்ளையரும் சேர்ந்த அணி. வெள்ளைக் கழுத்துப்பட்டி வைத்த முழுக் கறுப்புச் சட்டை. 'கருஞ்சட்டைகள்' என்ற பெயர் அப்படி நிலைத்தது.

மறு ஆண்டு ஃப்ளுமினென்ஸ், ஃப்ளமெங்கோ, பொட்டஃபோகோ முதலிய பெரிய கழகங்கள் பிரிந்து புதிய சங்கம் கண்டன. வாஸ்கோ சேர வேண்டுமானால் 12 ஆட்டக்காரர்களை நீக்க வேண்டும். காரணமாகக் கறுப்பர் என்று எழுதவில்லை. தொழில் என்ன, வருமானம் எங்கிருந்து, ஆட்டத்தாளில் தானே பெயரெழுதத் தெரியுமா என்பவைதான் கேள்விகள். 'தகுதி' என்ற சொல் எப்படி வேலை செய்யும் என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பொட்டஃபோகோவின் சட்டையும் கறுப்பு வெள்ளைதான். அந்தக் கறுப்பு யாரையும் உறுத்தவில்லை.

1924 ஏப்ரல் 7 அன்று கழகத் தலைவர் ஜோசே அகுஸ்டோ பிரெஸ்டெஸ் பதில் அனுப்பினார்: அந்தப் பன்னிருவரைப் பலிகொடுத்துச் சேர மாட்டோம். கழகத்தார் புனிதர்கள் அல்லர். வணிகர்கள், வெற்றி வேண்டியவர்கள், ஆட்டக்காரர்களுக்கு மறைவாகப் பணமும் கொடுத்தவர்கள். இருந்தும் கடிதம் போனது. பழைய சங்கத்திலேயே ஆடி அந்த ஆண்டும் பட்டம் வென்றார்கள். 1925இல் ஆட்டக்காரர்களைக் கைவிடாமலேயே புதிய சங்கத்துக்குள் நுழைந்தார்கள்.

சொந்த மைதானம் இல்லை என்ற குறையும் சொல்லப்பட்டிருந்தது. உறுப்பினர்கள் பணம் திரட்டிக் கட்டிய சாவ் ஜனுவாரியோ அரங்கம் 1927 ஏப்ரல் 21 அன்று திறந்தது. முதல் ஆட்டத்தில் சாண்டோஸிடம் 3-5 என்று தோற்றார்கள். படகுக்காரர்களின் வெள்ளைப் பட்டை கால்பந்துச் சட்டையில் ஏறியது அதற்கும் பிறகுதான்.