பொரளைச் சந்தியில் ஒரு பாடம்

தரம் ஐந்தில் படிக்கும் என் பேர்த்தி அண்மையில் ஓர் ஒப்படையோடு வந்தாள். மாட்டுவண்டி, புகையிரதம், மோட்டார் வாகனம், விமானம் என்று வரிசையாகப் படங்கள்; ஒவ்வொன்றின் கீழும் கண்டுபிடித்தவர் பெயரும் ஆண்டும். ஏன் கண்டுபிடித்தார்கள் என்பதற்கு மட்டும் இடமில்லை. மறுநாள் அவளைப் பொரளைச் சந்திக்கு அழைத்துச் சென்றேன்.

பொரளை என்றதும் உலகெங்கும் வாழும் தமிழருக்கு 1983 ஜூலை 24ஆம் திகதி இரவே நினைவில் எழும். எனக்கும் அவ்வாறே. ஆயினும் அச்சந்திக்கு அதற்கு முந்திய வரலாறும் உண்டு.

மாட்டுவண்டி பாரம் சுமந்தது, விரைவு இல்லை. ரிக்‌ஷா சற்று விரைந்தது. ஆனால் ஒரு மனிதனை இன்னொரு மனிதன் இழுக்க வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பூஸ்டட் சகோதரர்கள் நிறுவனம் கொழும்பில் மின்சார டிராம் வண்டியைக் கொண்டுவந்தது. ஒரு பாதை கிராண்ட்பாசுக்கும் மற்றொன்று மருதானை வழியே பொரளைக்கும் சென்றது. தலைக்கு மேலே மின்கம்பி, காலுக்குக் கீழே தண்டவாளம். தொழிலாளியும் எழுதுவினைஞரும் நகரின் மறுபுறம் சென்று வேலைசெய்து வீடு திரும்பும் வாய்ப்பு அதனால் விரிந்தது.

இயந்திரம் ஓடினால் போதாது, அதை ஓட்டுபவனும் வாழ வேண்டும். 1929இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் டிராம் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். மருதானையில் கலவரம் மூண்டு, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின.

டிராமுக்கு ஒரு குறையும் இருந்தது. தண்டவாளத்தை விட்டு அது விலகாது. முன்னால் ஒன்று நின்றால் பின்னால் வருவதும் நிற்கும். 1944இல் மாநகர சபை அச்சேவையைப் பொறுப்பேற்றது. 1953இல் தண்டவாளம் வேண்டாத, ஆனால் மின்கம்பியை நம்பிய டிரொலி பஸ் வந்தது. டிராம் 1960இலும், டிரொலி பஸ் 1964இலும் மறைந்தன. கம்பியும் வேண்டாத டீசல் பஸ் வென்றது. பஸ் முதலாளிகளின் போட்டியைக் கட்டுப்படுத்தி 1958இலேயே பஸ் சேவை தேசியமயமாகியிருந்தது.

அவ்வெற்றியின் விலையை 2022இல் கண்டோம். எரிபொருள் இன்றி நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். பலர் துவிச்சக்கரவண்டிக்குத் திரும்பினர். அதற்கு ஈராண்டு முன்னர்தான், மாலபேயிலிருந்து பொரளை வழியே கோட்டைக்கு ஜப்பானியக் கடனுதவியுடன் அமையவிருந்த 15.7 கிலோமீற்றர் இலகு ரயில் திட்டம் இரத்தானது. அதுவும் மின்சாரத்தில், தண்டவாளத்தில் ஓடவிருந்ததுதான்!

"அம்மப்பா, ரயில் செய்யத் தெரிந்தும் ஏன் செய்யவில்லை?" என்று கேட்டாள் பேர்த்தி. பஸ்களின் புகைக்கும் முச்சக்கர வண்டிகளின் இரைச்சலுக்கும் நடுவே நின்று பதில் தேடினேன். கண்டுபிடிப்பது ஒருவரால் முடியும். அதை வைத்திருப்பதா கைவிடுவதா என்று முடிவு செய்வது ஊர் முழுவதின் வேலை என்றேன். அவளுக்கு அது முழுதும் விளங்கியதாகத் தெரியவில்லை.

வீடு திரும்பியதும் ஒப்படையில் இரண்டு நிரல்களைத் தானே கீறினாள். ஒன்றில், "தீர்ந்த பிரச்சினை." மற்றதில், "புதிதாக வந்த பிரச்சினை." எந்தப் படத்தின் கீழும் இரண்டாவது நிரல் வெறுமையாக இருக்கவில்லை.