பல்துலக்கும் வழக்கம்: சமூக, மனோதத்துவக் காரணங்கள்

வாய்ச் சுகாதாரம் பற்களின் இயல்பை மட்டும் பொறுத்ததன்று. இளமையில் பெற்றோரைப் பார்த்துப் பயிலும் அப்பியாசம், ஊரார் மதிப்பு, வருமானம், பல் வைத்தியத்தைப் பற்றிய அச்சம் ஆகியனவும் அதனை நிர்ணயிக்கின்றன. இதற்கு அந்தமான் நிக்கோபார் தீவுகள் தக்க உதாரணம். அங்குள்ள சாத்தம் தீவிலும் போர்ட் பிளேரிலும் தமிழர், வங்காளிகள், தெலுங்கர், ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்த தொழிலாளர் முதலிய பல சமூகத்தார் தத்தம் பழக்கவழக்கங்களோடு குடியேறினர். நிக்கோபாரியரிடையே, வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் இடைவிடாது மென்றமையால் பற்களின்மேல் கரிய காறை தடித்துப் படிந்திருந்ததையும், அக்கருமை அவர்களால் அவலட்சணமாகக் கருதப்படாததையும் முற்காலப் பயணிகள் குறித்துள்ளனர்.

விருந்தோம்பலின் அடையாளமாகவும், உழைப்பின் களைப்பைப் போக்குவதாகவும் நிலைபெற்ற தாம்பூலம், புகையிலை கலவாவிடினும் புற்றுநோய் விளைவிக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் அறிவித்தது. தீமையை அறிந்தமாத்திரத்தில் பழக்கம் மாறுவதில்லை. ஆகவே ஃபுளோரைடு கலந்த பற்பசையால் நாளுக்கு இருமுறை துலக்குவதை, இராப்போஜனம் போன்ற நித்திய கருமங்களோடு பிணைத்துக் குழந்தைப் பருவத்திலேயே பயிற்றுவது நலம்.