ஆலங்காட்டுச் செம்பும் பழங்கற்படியும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூரைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் எதிர்ப்படுவது திருவாலங்காடு. கூத்தப்பிரானுடைய ஐந்து சபைகளுள் இரத்தினசபை இங்கே உள்ளதென்பதும், காரைக்காலம்மையார் வந்து தங்கிய தலம் இதுவென்பதும் சைவர் யாவரும் அறிந்தவை. ஆயினும் சரித்திரம் பயில்வோருக்கு இவ்வூர்ப் பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வருபவை, 1905-ஆம் ஆண்டில் இங்கே வெளிப்பட்ட, முதலாம் இராசேந்திர சோழனுடைய முத்திரை வளையத்திற் கோத்த 31 செப்பேடுகளே. புலியும் இரட்டைக் கயலும் வில்லும் பொறித்த அம்முத்திரையின்கீழ், பழையனூர் என்ற பக்கத்துச் சிற்றூரை ஆலங்காட்டு இறைவனுக்குத் தேவதானமாக அளித்த செய்தி எழுதப்பட்டிருக்கிறது.

இத்தகைய தானத்தைப் பதிவு செய்ய அக்கால ராஜாங்கம் மேற்கொண்ட சிரமம் நம்மை வியப்பில் ஆழ்த்துவது. அரசன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுவான் எழுத, ஓலைநாயகங்கள் ஒப்புநோக்கிக் கையெழுத்திட, வரிப்பொத்தகத்தார் தங்கள் கணக்கில் ஏற்றிக்கொள்ள, பின்னர் ஊரில் பெண் யானையை எல்லை சுற்றி நடத்திக் கல்லும் கள்ளியும் நட்டு, அதனை அறவோலையாக எழுதி மீண்டும் மேலிடத்துக்கு அனுப்ப, இவ்வளவும் முடிந்த பிற்பாடே செம்பில் உளி படும். இராசேந்திரனுடைய தந்தை இராசராசன் அளித்த தானத்தைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடுகளில் இந்தக் காலக்ரமம் தெளிவாகவே தெரிகிறது. இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டின் 92-ஆம் நாளில் சொன்ன சொல், வரிக்கணக்கில் ஏறியது 96-ஆம் நாளில். இடைப்பட்ட நான்கு நாட்களில் ஓலைக்கட்டு தீப்பற்றியிருந்தால், அவ்வாணை கேட்டவர் நினைவில் மட்டுமே நின்றிருக்கும்.

இன்று கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளைப் போன்ற இடங்களில் கணக்குகளைக் கணினிச் சேமிப்பகங்களில் வைத்துக் காப்போர், இந்த நான்கு நாள் இடைவெளியை நான்கு நிமிஷமாகக் குறைக்கவே பாடுபடுகின்றனர். 'ஸ்நாப்ஷாட்' என்று அவர்கள் சொல்வது, ஒரு கணத்தில் தரவுகள் இருந்த நிலையை அப்படியே நிறுத்திவைத்து, பின்னர் நேரும் மாறுதல்களை வேறிடத்தில் எழுதிக்கொண்டு போகும் உபாயம். பிழை நேர்ந்தால் அந்தக் கணத்திற்கே திரும்பிவிடலாம். ஆனால் மூலமும் ஸ்நாப்ஷாட்டும் ஒரே பெட்டியில் இருந்து, அப்பெட்டியே எரிந்துபோனால் இரண்டும் ஒருங்கே போகுமாதலால், வேறோர் ஊரில் இன்னொரு பிரதி வேண்டுமென்று தேர்ந்தவர் வற்புறுத்துவர். சோழருடைய அனுபவம் இதற்கு நேர் சாட்சி. தலைநகரத்து வரிப்பொத்தகங்களில் ஓர் ஏடுகூட இன்று நமக்குக் கிட்டவில்லை; பனையோலைக்கு ஆயுள் சில நூற்றாண்டே. தானம் கொடுத்தவனுடைய அலுவலகம் அடியோடு மறைந்துவிட, தானம் பெற்றவர் கையில் ஒப்படைத்த ஆலங்காட்டுச் செம்பு மட்டும் ஏறக்குறைய 900 ஆண்டு கழித்துக் கண்டெடுக்கப்பட்டு, 1920-இல் கிருஷ்ண சாஸ்திரியாரால் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் அச்சேறியது. ஆதித்த கரிகாலன் மறைந்ததும், குடிகள் வேண்டியும் இராசராசனாகிய அருள்மொழி அரியணையைத் தன் சிற்றப்பனுக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கி நின்றதும் ஆகிய செய்திகளை நாம் எடுத்துப் பேசுவதற்கு இந்தச் செம்பே பேராதாரம்.

ஆயினும் இதில் ஒரு விசேஷமான சிக்கல் உண்டு. சாசனம் காட்டும் ஆட்சியாண்டு ஆறு. அதாவது 1018-ஐ ஒட்டிய காலம். ஆனால் நாராயணன் என்னும் கவி பாடிய வடமொழிப் பகுதியோ, அதற்குச் சில ஆண்டு கழித்தே நிகழ்ந்த கங்கைப் படையெடுப்பையும், 1025-ஐச் சார்ந்த கடார வெற்றியையும் நடந்து முடிந்தனவாகப் புகழ்கிறது. ஆகவே தமிழ்ப் பகுதி ஒரு காலத்தது, வடமொழிப் பகுதி பின்னொரு காலத்தது என்று ஆராய்ச்சியாளர் கொண்டனர். இரு வேறு கணங்களை ஒரே வளையத்திற் கோத்து, முத்திரை ஒன்றையே இட்டுவிட்டார்கள். புகழ்பாட வந்த கவியை நான் குறைகூறத் துணியேன். எனினும் பிரதி எடுப்பவன் எப்போது எடுத்தானென்று குறிக்காவிடில், பின்வருவோர் எவ்வளவு காலம் மண்டையை உடைத்துக்கொள்ள நேர்கிறது!

இக்குறையில்லாத பிரதிக்கு நாம் கொள்ளிடக்கரைத் திருமழபாடிக்குச் செல்லவேண்டும். அங்குள்ள வைத்தியநாதர் கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்து மீண்டும் எடுப்பிக்குமாறு இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரைத் தொடுமுன் அதிலிருந்த கல்வெட்டுக்களையெல்லாம் பொத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்தான். அவற்றைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டியது அவன் மகனுடைய 14-ஆம் ஆட்சியாண்டில். இடையே ஏறக்குறைய 13 ஆண்டுகள் அவ்வூர்க் கோயிலின் நிலமும் விளக்கும் நெய்யும் ஒரு பொத்தகத்தை நம்பியிருந்தன. ஒருநாள் எடுத்துப் பார்க்காத பேக்கப் இருந்தும் இல்லாததே என்று கணினித் துறையினர் சொல்வது எனக்கு மிகவும் உடன்பாடு. திருமழபாடியார் எடுத்தும் பார்த்தார்கள், சுவரில் திருப்பியும் எழுதினார்கள்.

இதற்கும் முன்னரே, சோழ அரசியாராகிய செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவற் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்த காலத்தில், சிதறிக் கிடந்த பழைய கற்களின் சாசனங்கள் பலவும் புதிய சுவர்களில் படியெடுத்து வெட்டப்பட்டன. அவ்வாறு வெட்டிய கல்தச்சர், மூலம் வேறு, தாம் வெட்டுவது வேறு என்பதை மறைக்கவில்லை. சாசனத்தோடு சாசனமாக, இதுவும் ஒரு பழங்கற்படி என்று அந்தச் சுவரிலேயே குறித்து வைத்தார்கள்.