சரக்கு போயிடுச்சு... பணம் வரலையா? கடன் வியாபாரத்துக்கும் இருக்கு இன்ஷூரன்ஸ்!

குடோனுக்குத் தீ விபத்துக் காப்பீடு இருக்கும். லாரிக்கு இருக்கும். லாரியில் ஏற்றிய சரக்குக்கும் இருக்கும். ஆனால், சரக்கு போய் இறங்கி, வாங்கியவர் கையெழுத்துப் போட்ட அந்த நிமிடத்திலிருந்து நம் பணம் அவருடைய வாக்கை நம்பி நிற்கிறது. அதற்கு மட்டும் எந்தக் காப்பும் கிடையாது. கடலூர், சிதம்பரம் பக்கத்து வியாபாரிகள் பலருக்கு, இதற்கும் ஒரு பாலிசி உண்டு என்பதே புதுச் செய்தியாக இருக்கலாம். அதன் பெயர் டிரேடு கிரெடிட் இன்ஷூரன்ஸ். தமிழில் வணிகக் கடன் காப்பீடு.

கடலூரிலிருந்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் போய்விடும் பண்ருட்டியின் முந்திரித் தொழிலையே எடுத்துக்கொள்வோம். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் இந்தப் பகுதி முந்திரிக் காடுகளைச் சாய்த்துப்போட்டதை நாடே பார்த்தது. புயல் வந்தால் ஊருக்கே தெரியும். வடமாநில பார்ட்டி பணம் தராவிட்டால், முதலாளிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் மட்டும்தான் தெரியும்!

உள்ளூர் விளைச்சல் போதாமல் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை வாங்குகிறார்கள். அதற்கு வங்கிக் கடன். உடைத்து, தோல் உரித்து, தரம் பிரிக்கும் பெண்களுக்குக் கூலியைத் தள்ளிப்போட முடியாது. பருப்பு மட்டும் 30 நாள், 60 நாள் கடனில் வெளியூர் போகும். ஒரு பார்ட்டி 10 லட்சம் ரூபாயோடு கையை விரித்துவிட்டால் என்ன ஆகும்? லாபம் 5 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பத்து லட்சத்தை ஈடுகட்ட இன்னும் 2 கோடி ரூபாய்க்கு விற்றாக வேண்டும். வங்கிக்கு வட்டி ஒருபக்கம் ஓடிக்கொண்டே இருக்கும்.

பாலிசி எப்படி வேலை செய்கிறது?

விற்பவர்தான் பாலிசி எடுக்கிறார். வாங்குபவர் திவாலானாலோ, கெடு தாண்டி நீண்ட நாள் பணம் தராமல் இழுத்தடித்தாலோ, இன்ஷூரன்ஸ் நிறுவனம் இழப்பின் பெரும்பகுதியைத் தரும். ஏற்றுமதி என்றால் போர், அந்நியச் செலாவணித் தடை போன்ற அரசியல் காரணங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். முழுத் தொகையும் கிடைக்காது. பொதுவாக 80 முதல் 90 சதவிகிதம் வரைதான். மிச்சம் நம் தலையில். 'எல்லாம் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கும்' என்று கண்டவருக்கும் கடன் கொடுக்கக் கூடாது அல்லவா, அதற்காகத்தான்.

ஒவ்வொரு பார்ட்டியின் நிதிநிலையையும் ஆராய்ந்து, இவருக்கு இவ்வளவு என்று இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒரு கிரெடிட் லிமிட் போடும். என்னைக் கேட்டால், பாலிசியில் பாதி மதிப்பு இதில்தான் இருக்கிறது. பத்து வருஷப் பழக்கம் என்று நாம் நம்பும் ஒருவருக்கு லிமிட் தர மறுத்தாலோ, இருந்ததைக் குறைத்தாலோ, நமக்குத் தெரியாதது எதுவோ அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். லிமிட் 20 லட்சம், நாம் கொடுத்த சரக்கோ 30 லட்சம் என்றால், கணக்கு 20 லட்சத்துக்குத்தான். 85 சதவிகிதம் என்றால் 17 லட்சம் வரும். மீதி 13 லட்சம் நம் பொறுப்பு.

பிரீமியம் விற்றுமுதலை வைத்துக் கணக்கிடப்படும். பெரும்பாலும் ஒரு சதவிகிதத்துக்கும் கீழே. ஆனால், சந்தேகமான நாலு பேருக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மொத்தக் கடன் விற்பனையையும் காட்டச் சொல்வார்கள். 'பருப்பு பூச்சி அரிச்சிருக்கு, எடை குறையுது' என்று பார்ட்டி தகராறு செய்தால், அது தீரும்வரை கிளெய்ம் நகராது. சொந்தக்காரர் பெயரில் நாமே நடத்தும் கம்பெனிக்கு விற்றதும் சேராது.

உலகப் போர் முடிந்த கையோடு, 1919-ல் பிரிட்டன் அரசு ஏற்றுமதிக் கடனுக்கு உத்தரவாதம் தரும் துறையைத் தொடங்கியது. நம் நாட்டில் 1957-ல் மத்திய அரசு ஆரம்பித்த நிறுவனம்தான் இன்றைய இ.சி.ஜி.சி. வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள் முதலில் தட்டவேண்டிய கதவு அதுதான். உள்நாட்டு விற்பனைக்குப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சில இந்த பாலிசியைத் தருகின்றன.

தேதி... தேதி... தேதி!

பாலிசி இருந்தும் பணம் கிடைக்காமல் போவது பெரும்பாலும் எங்கே? இரண்டு வழக்குகளைப் பார்த்தால் புரியும். கார்க் சன்ஸ் இன்டர்நேஷனல் என்ற ஏற்றுமதி நிறுவனம், வெளிநாட்டு பார்ட்டி பணம் தராததை 45 நாள்களுக்குள் இ.சி.ஜி.சி-க்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையில் கோட்டைவிட்டது. நிபந்தனை என்றால் நிபந்தனைதான், கோர்ட் அதைத் திருத்தி எழுத முடியாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது, ஹாரிஸ் மரைன் புராடக்ட்ஸ் வழக்கு. பாலிசி தொடங்கியது 2012 டிசம்பர் 14. சரக்கு 13-ம் தேதியே கப்பலில் ஏறிவிட்டது, அதனால் கிளெய்ம் செல்லாது என்றது இ.சி.ஜி.சி. ஒரே ஒரு நாள்! பில் ஆஃப் லேடிங் பத்திரத்தின் தேதி டிசம்பர் 19. அதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும் என்று ஏற்றுமதியாளர் பக்கம் தீர்ப்பு வந்தது. ஆனால் அது வந்தது 2022 ஏப்ரலில்.

நம் ஊரில் கெடு தவறுவதற்கு மறதியைவிட முகதாட்சண்யம்தான் பெரிய காரணம். 'தீபாவளி முடிஞ்சதும் தர்றேன்னு சொல்லியிருக்காரு. இப்போ போய் இன்ஷூரன்ஸ்ல சொன்னா மனுஷன் கோவிச்சுக்க மாட்டாரா?' என்று தள்ளிப்போடுவோம். அவர் கோபித்துக்கொள்வாரோ இல்லையோ, பாலிசியின் கெடு போய்விடும். பாக்கி நிற்கும்போதே அதே பார்ட்டிக்கு அடுத்த லோடும் அனுப்பினால் அந்த லோடுக்குக் காப்பு இருக்காது. முறைப்படி தெரிவித்த பிறகும் உடனே பணம் வந்துவிடாது. சில மாதங்கள் காத்திருப்புக் காலம் உண்டு. அதுவரை வசூல் முயற்சியை நாம் விடக் கூடாது.

சிதம்பரம், கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் இறால் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு உதவும்? உறையவைத்த இறாலை வெளிநாட்டுக்கு அனுப்புபவருக்கு நன்றாகவே உதவும். பண்ணைக்காரர்களுக்குத் தீவனத்தைக் கடனில் கொடுக்கும் டீலருக்கு? வெண்புள்ளி நோய் வந்து குளம் காலியானால் அவர் பாக்கியும் போச்சு. ஆனால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் வாங்குபவரின் பேலன்ஸ் ஷீட் கேட்கும். குத்தகைக்குக் குளம் எடுத்தவரிடம் அதற்கு எங்கே போவது? கடனுக்கு ரொம்பவும் பயப்பட வேண்டிய இடத்தில்தான் இந்த பாலிசி எட்டவில்லை. இந்தக் குறையை ஏஜென்ட்டுகள் சொல்வதில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2006-ம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டப்படி வாங்குபவர் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. உதயம் பதிவுள்ள முந்திரி ஆலை இதைக் கேட்கலாம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு, உதயம் பதிவு இருந்தாலும், இந்தச் சலுகை பொருந்தாது. வாங்கியவர் திவாலாகிவிட்டாலோ, வட்டி என்ன, அசலே சந்தேகம். பாக்கியை விற்பனையில் ஈடுகட்டும்போது வங்கிகள்தான் முன்வரிசையில் நிற்கும், நம்மைப் போன்ற சப்ளையர்கள் பின்னால்தான்.

பாலிசி எடுப்பது என்று முடிவுசெய்தால், முதலில் மூன்று வருட பாக்கிக் கணக்கை பார்ட்டி வாரியாக எடுத்து வையுங்கள். யார் எத்தனை நாளில் கொடுத்தார், எவ்வளவு வராக்கடன் ஆனது என்பதை வைத்துத்தான் பிரீமியம் பேச முடியும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஏஜென்ட்டிடம் நான்கு கேள்விகள்: எத்தனை சதவிகிதம் கிடைக்கும், ஒவ்வொரு பார்ட்டிக்கும் லிமிட் எவ்வளவு, பாக்கி விழுந்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், காத்திருப்புக் காலம் எத்தனை மாதம்? பதில்களை வாய்மொழியாக வாங்காமல் பாலிசி பத்திரத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கான பதிலை, பில் போடும் பையனுக்கும் தெரிகிற மாதிரி கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டிவிடலாம்.