ஷவர் வால்வும் கவலைத் தோலும்

போன மாசம் எங்க வூட்டு பாத்ரூம்ல ஷவர் சொட்ட ஆரம்பிச்சுது. வால்வை எவ்வளவு இறுக்கி மூடினாலும் "டொப்... டொப்..." ராத்திரி முழுக்க அந்தச் சத்தம். எங்கம்மாவுக்கு அதுல தூக்கம் போச்சு. "தண்ணி இப்படிப் போறத கேட்டுட்டு எப்படிடா தூங்கறது"ன்னாங்க.

சரி, எவ்வளவுதான் போகுதுன்னு பாத்துடலாம்னு ராத்திரி 9 மணிக்கு அடியில ஒரு 15 லிட்டர் பக்கெட்டை வெச்சேன். காலைல 5 மணிக்குப் பாத்தா ரொம்பி வழியப் பாக்குது. எட்டு மணி நேரத்துக்கு 15 லிட்டர்னா, ஒரு நாளைக்கு 45 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்துல கிராமத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடுக்கணும்னு வெச்சிருக்கற அளவே 55 லிட்டர்தான். கிட்டத்தட்ட ஒரு ஆளோட தண்ணியை எங்க பாத்ரூம் குடிச்சுட்டு இருந்திருக்குது. அதுவும் 900 அடி போர்ல இருந்து கரண்ட் செலவு பண்ணி ஏத்துன தண்ணி.

பிளம்பர் ஒரு வாரம் ஆகும்னார். நானே டேங்க் கேட் வால்வை மூடி, கைப்பிடியைக் கழட்டி, ஸ்பிண்டிலைத் திருகி எடுத்தேன். நுனியில இருந்த ரப்பர் வாசர் பணியாரம் மாதிரி நடுவுல குழி விழுந்து கெடக்குது. உள்ள பித்தளை வாய் பூரா வெள்ளையா உப்பு.

பழைய ஸ்பிண்டிலை எடுத்துட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைப் பையன், "இந்த மாடலெல்லாம் இப்ப வர்றதில்லீங்ணா. செராமிக் போட்டுக்குங்க. எதுவா இருந்தாலும் அரை இஞ்ச்தானுங்க, உக்காந்துக்கும்"னான். எந்தக் கம்பெனி செஞ்சதோ, பதினஞ்சு வருசத்துக்கு முன்னால செவுத்துக்குள்ள வெச்சது. அதுல இன்னைக்கு வாங்கறது எப்படிப் பொருந்தும்?

இதுக்குப் பின்னால ஒரு கதை இருக்குது. ஒரு காலத்துல ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மறை வெட்டிட்டு இருந்தாங்க. ஒரு பட்டறை போல்ட்டு இன்னொரு பட்டறை நட்டுல ஏறாது. 1841ல ஜோசப் விட்வொர்த்ங்கற இங்கிலாந்துக்காரர், மறையோட கோணம் 55 டிகிரி, இந்த அளவுக்கு இஞ்சுக்கு இத்தனை புரின்னு ஒரு கணக்கு வெச்சார். அந்த வழியில வந்த பைப் மறைதான் இன்னைக்கும் நம்மூர்க் கடையில கெடைக்கறது. அரை இஞ்ச் பைப்புக்கு இஞ்சுக்கு 14 புரி. ஆனா அந்த அரை இஞ்ச்சை ஸ்கேல் வெச்சு அளந்தா மறையோட வெளி அளவு 21 மில்லிமீட்டர் கிட்ட வரும். அந்தக் காலத்து இரும்புப் பைப்போட உள் ஓட்டைதான் அரை இஞ்ச். பைப் மாறிப் போச்சு, பேர் மட்டும் நின்னு போச்சு.

வாசர் கதையும் கிட்டத்தட்ட அதே காலம்தான். ரோமாபுரிக்காரங்க வெண்கலத்துல குழாய் வெச்சிருந்தாங்க. நடுவுல ஓட்டை போட்ட ஒரு கட்டையைத் திருப்பினா தண்ணி வரும், இன்னும் திருப்பினா நிக்கும். தேயத் தேய ஒழுகும். பெரிய ஊர்களுக்கு அழுத்தத்தோட பைப்புல தண்ணி வர ஆரம்பிச்சதும் அது தாக்குப்புடிக்கல. 1845ல ராதர்ஹாம் ஊர் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் கம்பெனி, திருகித் திருகி கீழ எறக்கி வாயை அடைக்கற குழாய்க்குக் காப்புரிமை வாங்குச்சு. நான் கழட்டின ஸ்பிண்டில் அதோட வாரிசுதான். அந்தக் குழாய்க்கு மொதல்ல தோல் வாசர் போட்டாங்க. சார்லஸ் குட்இயர் 1839ல ரப்பரோட கந்தகம் சேர்த்துச் சூடு பண்ணினா அது வெயில்ல இளகாம, குளிர்ல வெறைக்காம இருக்கும்னு கண்டுபுடிச்சிருந்தார். அதுக்கப்பறம் தோல் இருந்த எடத்துக்கு ரப்பர் வந்துச்சு.

மேல இருந்து ஒரு அடைப்பைத் தூக்கித் தண்ணி விடற யோசனை நமக்குப் புதுசில்லீங்க. பல்லவர், பாண்டியர் காலத்து ஏரிகள்ல குமிழித் தூம்பு இருக்குது. தண்ணிக்குள்ள ரெண்டு கல் தூணு, கீழ பலகைக்கல்லுல ஓட்டை, அதுக்கு ஒரு அடைப்பு. நீந்திப் போய் அதைத் தூக்கினா கரைக்கு அடியில ஓடற கால்வாய் வழியா வயலுக்குத் தண்ணி போகும். நீர் போறதுக்கு நீரோடித் துளை, சேறு போறதுக்கு சேறோடித் துளைன்னு தனித்தனியா வெச்சாங்க. சேறு சேந்தா அடைப்பு சரியா உக்காராதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. என் வால்வுல சேறுக்குப் பதிலா உப்பு.

தோல்னதும் எனக்கு எங்க அப்பாரு ஓட்டின கவலை ஞாபகம் வந்துருச்சு. ரெண்டு மாடு சரிவுல எறங்கும், கிணத்துல இருந்து இரும்புச் சால் மேல வரும். சாலுக்கு அடியில நீளமா தோல் வால். அந்த வால் நுனியை ஒரு கயிறு மேல தூக்கிப் புடிச்சிருக்கறதால வர்ற வழியில தண்ணி சிந்தாது. சால் மேல வந்ததும் வால் முன்னால இழுபட்டு நீண்டு தொட்டியில கொட்டும். தொறக்கவும் மூடவும் ஆள் வேண்டாம். அதுவும் ஒரு வால்வுதான்.

அந்தத் தோலைத் தெச்சுக் குடுத்தவர் பக்கத்துச் சேரியில இருந்து வருவார். கூலி, களத்துல தவசமா அளப்பாங்க. ஓட்டை விழுந்தா ஆள் விட்டு அவரைத்தான் கூப்பிடுவாங்க. எங்க காட்டுக்குப் பாஞ்ச தண்ணி பூராவும் அவர் கை பட்ட தோல் வழியாத்தான் வந்துச்சு. ஆனா அந்தக் கிணத்துல எறங்கி அவர் ஒரு சொம்பு தண்ணி மொள்ள முடியாது. தாகம்னா தள்ளி நின்னு கை ஏந்துவார், எங்காத்தா மேல இருந்து ஊத்துவாங்க. சின்னப் பையனா நான் அதைப் பாத்திருக்கறேன். ஒண்ணும் தோணல. இப்ப தோணுது. மோட்டார் வந்ததும் கவலை நின்னுச்சு, அவர் வர்றதும் நின்னு போச்சு. அந்த வீட்டுக்கு என்ன வருமானம்னு எங்க வூட்ல யாரும் கேட்டதா ஞாபகம் இல்ல.

வால்வுக்கு வருவோம். செராமிக்ல வாசர் கெடையாது. மழமழன்னு தேச்ச ரெண்டு சில்லு, ஒண்ணு மேல ஒண்ணு. கால் சுத்து திருப்பினா ஓட்டைகள் நேர்படும், தண்ணி வரும். நீங்க மாத்தறதா இருந்தா நாலு விஷயம். பழசைக் கையோட கடைக்கு எடுத்துட்டுப் போங்க, கைப்பிடி மாட்டற எடத்துப் பல்லு எண்ணிக்கை ஒத்து வரணும். பித்தளை வாயில உப்பு இருந்தா புதுசும் ஒழுகும். நான் செப்புக் கொடம் வெளக்கற மாதிரி புளி போட்டு ஊற வெச்சுத் தேச்சேன். போடறதுக்கு முன்னால டேங்க் வால்வைக் கொஞ்சம் தொறந்து பைப்புல இருக்கற மண்ணை வெளியேத்திருங்க, சில்லுக்கு மண்ணுதான் எமன். கடைசியா, ரொம்ப இறுக்காதீங்க.

அரை மணி நேர வேலை. எங்கம்மா ஒரு நாளும் அந்த ஷவர்ல குளிச்சதில்ல. பொடக்காணியில அண்டாவுல மொண்டு ஊத்திக்கறதுதான் இன்னைக்கும். ஆனா சத்தம் நின்ன அன்னைக்கு நல்லாத் தூங்கினாங்க.

காலைல பக்கெட்டைப் பாத்தேன், காஞ்சு கெடந்துச்சு. நீங்களும் இன்னைக்கு ராத்திரி, சொட்டற குழாய்க்கு அடியில ஒரு பக்கெட் வெச்சுப் பாருங்க. லாரித் தண்ணி வாங்கற வூடா இருந்தா, கணக்கு இன்னும் நல்லாப் புரியும்.