கும்பகோணத்தில் ஒரு சாத்திர தானம்

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தை எண்ணுந்தோறும் கும்பகோணமே நினைவில் எழுகின்றது.

1880ஆம் ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணி பயின்றதுண்டோ என வினவியபோது, கல்லூரித் தமிழாசிரியராகிய உ. வே. சாமிநாதையர் இல்லையென்றே விடை கூற நேர்ந்தது. பின்னர் ஏடு பெற்றுப் படிக்கலானார். நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சமணக் கோட்பாடுகள் விளங்கவில்லை. அந்நிலையில் அவ்வூர்ச் சமணரை நாடிச் சென்றார். சென்ற இல்லத்தின் வாயிலில் தோரணம்! காரணம் கேட்டார். சிந்தாமணி படித்து அன்று நிறைவுற்றதாம். தாம் தேடியலைந்த நூல் அங்கே வழிபாட்டுப் பொருளாக வாழ்வது கண்டு வியந்தார்.

சந்திரநாத செட்டியார் முதலியோர் அவர்தம் ஐயங்களைத் தெளிவித்தனர். வந்தவர் சைவச் சூழலில் வளர்ந்தவரென்பது அவர்களுக்குத் தடையாகவில்லை. மாணாக்கராய் அமர்ந்து கேட்க அவரும் நாணவில்லை. கிறித்தவரான சவராயலு நாயகருக்கும் பாடஞ்சொன்ன மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவரல்லரோ!

1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் முழுமையாக அச்சேறியது. நம் இல்லங்களில் ஏடாக இருந்த காப்பியம் தமிழர் அனைவர் கைக்கும் சென்றது.